அம்மாவின் அரிவாளா, ரேப்பியரா? கதைக்காக ஆயுதம் எடுப்பவர்கள் வந்து சொல்லுங்கள்

#1 கரிச்சான்

எங்கள் மேசையில் புதிய கேம்பெயின், அதாவது பல நாள் உட்கார்ந்து ஆடும் தொடர்கதை, தொடங்குகிறது. கேரக்டராக நடித்துப் பகடை உருட்டி ஆடும் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்), 2024 விதிகள், ஐந்தாம் லெவலில் இருந்து. நான் ரோக், அதாவது மறைந்து தாக்கும் திருட்டு ஆள், எடுத்திருக்கிறேன்.

கேரக்டரின் பெயர் தாழை. அம்மா கூலிக்குக் கதிர் அறுத்தவள். மழை பொய்த்த ஒரு வருடம், பண்ணைக் களஞ்சியம் நிறைய தானியத்தோடு பூட்டியே கிடந்தது. அதன் கதவை உடைக்கப் போன அம்மா திரும்பி வரவில்லை. வரப்பில் கிடைத்தது அவளுடைய கதிர் அரிவாள் மட்டும்தான். பல வருடம் பிடித்துப் பிடித்துப் பிடியில் கட்டைவிரல் பள்ளம் விழுந்திருக்கிறது. தாழையின் விரல் அந்தப் பள்ளத்தில் இன்னும் சரியாகப் பொருந்தவில்லை. பின்கதை அவ்வளவுதான், அரைப் பக்கம்.

இதை எழுதி முடித்துவிட்டு ஷீட்டில் ஆயுதம் எழுதும் இடத்துக்கு வந்தபோதுதான் சிக்கல். அரிவாள் 1டி4, அதாவது பட்டால் நாலு முகப் பகடை ஒன்றில் விழும் அளவு டேமேஜ். ரேப்பியர் என்ற நீண்ட மெல்லிய வாள் 1டி8, எட்டு முகப் பகடை. கூட ஆடும் நண்பர், "ரேப்பியரை எடு, அரிவாளை இடுப்பில் செருகி வைத்துக்கொள், எப்போதாவது எடுத்துப் பார்த்து அழு" என்கிறார். கிண்டல்தான், ஆனால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதோ என்று தோன்றுகிறது. இடுப்பில் செருகிய அரிவாள் பத்தாவது செஷனில் யாருக்கும் ஞாபகம் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

நீங்கள் என்றால் எதை எடுப்பீர்கள்?


#2 கணக்குப்பிள்ளை

டி4-க்கும் டி8-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள். அது கொசு. யானை வேறு இடத்தில் நிற்கிறது.

டி4-இன் சராசரி 2.5, டி8-இன் சராசரி 4.5. ஒரு அடிக்கு 2 புள்ளி குறைகிறது. இதை எந்த மேசையும் தாங்கும். ஆனால் புத்தகத்தில் அரிவாளுக்கு ஃபினெஸ், அதாவது பலத்துக்குப் பதில் லாவகத்தால் வீசலாம் என்ற குணம், கிடையாது. ஃபினெஸ் இல்லாத கைச்சண்டை ஆயுதத்தால் ஸ்னீக் அட்டாக் (எதிரி அசந்த நேரத்தில் ரோக் அடித்தால் கூடும் டேமேஜ்) செய்ய முடியாது. ஐந்தாம் லெவல் ரோக்கின் ஸ்னீக் அட்டாக் 3டி6, சராசரி 10.5. அது முழுக்கப் போகிறது. போதாததற்கு டெக்ஸ்டெரிட்டி (லாவகம்) பலிக்காது, ஸ்ட்ரெங்த்தில்தான் (பலத்தில்) வீச வேண்டும்.

எண்ணில் சொல்கிறேன். எதிரியின் ஏசி, அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், 15, உங்கள் டெக்ஸ் +4, ஸ்ட்ரெங்த் +0 என்று வைத்துக்கொள்வோம். கிரிட்டிக்கலை (20 விழுந்தால் டேமேஜ் பகடை இரட்டிப்பு) விட்டுவிடுகிறேன்.

ரேப்பியர்: டெக்ஸுக்கு 4, பயிற்சிக்கு 3, ஆக +7-இல் இருபது முகப் பகடையை வீசினால் 65 சதவீதம் படும். பட்டால் 4.5 + 4 + 10.5 = 19. ஒரு சுற்றுக்குச் சராசரி 12.35.

அரிவாள்: +3-இல் வீசினால் 45 சதவீதம் படும். பட்டால் 2.5. சராசரி 1.1.

பன்னிரண்டு எங்கே, ஒன்று எங்கே. இது கதையா கணக்கா என்ற கேள்வியே இல்லை. இந்த அரிவாளோடு போனால் நீங்கள் ரோக்கே இல்லை, சண்டையில் கூட நடந்து வரும் ஆள். டிஎம்மிடம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவரிடம், கேளுங்கள். அரிவாளுக்கு ஃபினெஸ் தருகிறேன் என்றால் தாராளமாக எடுங்கள். மாட்டேன் என்றால் எடுக்காதீர்கள்.


#3 சும்மாஇரு

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்.


#4 கணக்குப்பிள்ளை

புல்லுக்கு ஃபினெஸ் இருக்கிறதா?


#5 மருந்துமூட்டை

நான் எப்போதும் கிளெரிக், காயம் ஆற்றும் பூசாரி. அதனால் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் என் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன்.

"என் கேரக்டர், என் கதை, நான் பலவீனமான ஆயுதம் எடுத்தால் உனக்கென்ன" என்பார்கள். எனக்குத்தான் என்ன. எதிரி இந்தச் சுற்றில் விழாமல் அடுத்த சுற்றும் நின்றால், அவன் அடிக்கும் அடி யார் மேல் விழுந்தாலும் கடைசியில் என் ஸ்லாட்டில்தான், மந்திரம் போடும் வாய்ப்பில்தான், கழியும். ஐந்தாம் லெவல் கிளெரிக்குக்கு முதல் நிலையில் 4, இரண்டாம் நிலையில் 3, மூன்றாம் நிலையில் 2. இவ்வளவுதான் ஒரு நாளைக்கு. எனக்கும் கதை உண்டு. என் கதையில் நான் கடவுளிடம் வழக்காட வந்தவன். ஆனால் செஷன் முழுக்க ஒருவருக்குக் கட்டுப்போடுவதிலேயே போய்விடுகிறது.

போன கேம்பெயினில் ஒருவர் வில்லாளி. சத்தியம் செய்திருக்கிறேன் என்று சொல்லி, யாரையும் கொல்லாத மழுங்கிய அம்பு மட்டும்தான் எய்வார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஏழாவது செஷனில் இரண்டு பேர் செத்துப் போனோம். அவருடைய சத்தியம் மட்டும் உயிரோடு இருந்தது.

கரிச்சானைத் திட்டவில்லை. நீங்கள் கேட்டுச் செய்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம். பலவீனத்தைத் தேர்ந்தெடுப்பதில் தப்பில்லை, அந்தப் பலவீனத்தின் செலவை யார் கட்டுகிறார்கள் என்று மேசையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்கிறேன்.


#6 பழையபெட்டி

இந்தச் சண்டைக்கே ஒரு பிறந்த தேதி இருக்கிறது தெரியுமா?

1974-ல் வந்த முதல் டி அண்ட் டி பெட்டியில், கத்தியோ கோடரியோ எதுவாக இருந்தாலும் பட்டால் டி6. அவ்வளவுதான். அம்மாவின் அரிவாளும் அரசனின் வாளும் ஒரே பகடை. மறு வருடம், 1975-ல், கிரேஹாக் என்ற இணைப்புப் புத்தகம் வந்தது. அதில்தான் ஆயுதத்துக்கு ஆயுதம் வேறு வேறு டேமேஜ் வந்தது. 1981-ன் பேசிக் புத்தகத்தில்கூட எல்லா ஆயுதமும் டி6 என்பதுதான் அடிப்படை, தனித்தனி டேமேஜ் வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விருப்ப விதியாகத்தான் கொடுத்திருந்தார்கள்.

அதாவது "கதைக்காகக் குறைந்த டேமேஜ்" என்ற தியாகமே பட்டியல் வந்த பிறகு பிறந்தது. பட்டியல் இல்லாத இடத்தில் தியாகமும் இல்லை.

இன்றைக்கும் அப்படி ஆட வழி உண்டு. டஞ்சன் வேர்ல்ட் என்ற இன்னொரு ஆட்டத்தில் டேமேஜ் பகடை ஆளைப் பொறுத்தது. ஃபைட்டர் (போர்வீரன்) என்றால் டி10, விசார்ட் (மந்திரவாதி) என்றால் டி4. ஃபைட்டர் கையில் உலக்கை இருந்தாலும் டி10தான். ஆயுதம் என்ன என்பது நெருங்கி அடிக்குமா, தள்ளி நின்று அடிக்குமா, கவசத்தைத் துளைக்குமா என்பது போன்றவற்றைத்தான் சொல்லும். எங்கள் மேசையில் டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பிலேயே இதை ஹோம்ரூலாக, எங்கள் சொந்த விதியாக, வைத்து ஆடிப் பார்த்தோம். ஆயுதம் பற்றிய வாக்குவாதம் அன்றோடு நின்றது. ஆனால் ஒன்று, அதற்கப்புறம் ஆயுதத்தைப் பற்றி யாரும் பேசவே இல்லை. அது லாபமா நஷ்டமா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.


#7 முதல்லெவல்

நான் புதுசு. ரீஸ்கின் என்கிறார்களே, அப்படியென்றால் ரேப்பியரின் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் அரிவாள் என்று மாற்றிக்கொள்வதா? அப்படிச் செய்யலாம் என்றால் இந்த இழைக்கே வேலையில்லையே?


#8 திரைக்குப்பின்

முதல்லெவல் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். பலர் அங்கேயே முடித்துவிடுவார்கள். "ஃப்ளேவர் இலவசம், பெயரை மாற்று, போய் ஆடு." நான் பல வருடமாக டிஎம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

ஷீட்டில் "அரிவாள்" என்று எழுதியிருக்கும், எண் எல்லாம் ரேப்பியர். முதல் செஷனில் "அரிவாளால் கழுத்தை இழுக்கிறேன்" என்பார்கள். மூன்றாவது செஷனில் "அடிக்கிறேன், பதினேழு" என்பார்கள். ஐந்தாவது செஷனில் நானே மறந்துபோய், "உன் ரேப்பியர் அவன் தோளில் இறங்குகிறது" என்று சொல்லிவிடுவேன். யாரும் திருத்த மாட்டார்கள். ஏனென்றால் மேசையில் அந்த ஆயுதம் எந்த இடத்திலும் அரிவாளாக நடந்துகொள்ளவில்லை. ரேப்பியர் குத்தும், அரிவாள் குத்தாது, கொக்கி போட்டு இழுக்கும். ரேப்பியரோடு விருந்து மண்டபத்துக்குள் போனால் வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அரிவாளோடு கதிர்க்கட்டு சுமந்து போகிறவளை யார் நிறுத்துவார்கள்? இதெல்லாம் டேமேஜ் பத்தியில் இல்லை. கரிச்சான் அரிவாளை எடுத்தால் அவருடைய டிஎம் செய்ய வேண்டிய முதல் வேலை, அரிவாளால் மட்டும் முடிகிற ஒரு காரியத்தைச் சீக்கிரம் எதிரே கொண்டுவந்து வைப்பதுதான்.

எங்கள் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2014 விதிகளில் ஆடிக்கொண்டிருந்தோம். ஒருவர் குள்ளர் இனத்து ஃபைட்டர். ஆயுதம் வார்ஹேமர். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த கொல்லன் சாகும்போது கொடுத்த சம்மட்டி அது. எண்ணில் குறை ஒன்றும் இல்லை, டி8, இரண்டு கையால் பிடித்தால் டி10. அதனால் அதற்கு ஒரு கதை இருக்கிறது என்பதே எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எல்லாரும் போல அவரும் ஒரு பின்கதை எழுதிக் கொடுத்தார், நானும் எல்லாரையும் போலப் படித்தேன், மறந்தேன்.

ஒரு குகையில் ரஸ்ட் மான்ஸ்டர் வைத்தேன். தெரியாதவர்களுக்கு: இரும்பைத் துருவாக்கித் தின்னும் பூச்சி. மந்திரம் ஏறாத உலோக ஆயுதத்தால் அதை அடித்தால் அந்த ஆயுதம் அரிக்கும், டேமேஜில் நிரந்தரமாக 1 குறையும். அடிக்க அடிக்கக் கூடிக்கொண்டே போகும், 5 குறைந்தால் ஆயுதம் பொடி. பூச்சிக்கு உயிர் 27 புள்ளிதான். நான் அதை ஒரு சின்னத் தொந்தரவு என்றுதான் வைத்தேன்.

அவர் அடித்தார், பட்டது. "சம்மட்டியின் முகத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு படலம் ஏறுகிறது, கழித்தல் ஒன்று" என்றேன். இன்னொரு முறை அடித்தார். கழித்தல் இரண்டு. மூன்றாவது முறை அவருடைய திருப்பம் வந்தபோது பகடையைக் கையில் எடுத்தவர், திரும்பக் கீழே வைத்தார். "சம்மட்டியைப் பின்னால், அது எட்டாத இடத்தில் வைக்கிறேன். இங்கே மரச்சாமான் ஏதாவது இருக்கிறதா?" என்றார். உடைந்த ஸ்டூல் ஒன்று இருக்கிறது என்றேன். அதன் காலைப் பிடுங்கிக்கொண்டு போனார். டி4. இடுப்பில் மாற்று ஆயுதமாக ஹேண்டாக்ஸ் (கைக்கோடரி) இரண்டு இருந்தன, அவை அவருக்கு ஞாபகமே வரவில்லை. தன் பாதி உயிர் போகும்வரை ஸ்டூல் காலோடு நின்று அடித்தார். மற்றவர்கள் ஓடிப்போய் அவருடைய சம்மட்டிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். பார்ட்டி ஆட்களுக்கு முன்னால் இல்லை, சம்மட்டிக்கு முன்னால்.

அந்தக் கழித்தல் இரண்டை அவர் ஷீட்டில் பேனாவால் எழுதிக்கொண்டார். ரொம்ப நாள் கழித்து ஒரு கொல்லன், "உருக்கிப் புதுசாக அடித்துத் தருகிறேன், குறை போய்விடும்" என்றான். அது நான் இரக்கப்பட்டு வைத்த ஆள். வேண்டாம் என்றுவிட்டார். கேம்பெயின் முடியும்வரை ஒவ்வொரு அடிக்கும் இரண்டைக் கழித்துக் கழித்துச் சொன்னார்.

இதைப் பின்கதை செய்யவில்லை. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு விலை வந்தது, அந்த விலையை அவர் கட்டினார். ஆயுதம் அன்றைக்குத்தான் கொல்லனுடைய சம்மட்டி ஆனது. ஆட ஆரம்பிக்கும் முன்பே டி4 எடுத்துக்கொண்டு தியாகம் செய்துவிட்டேன் என்று உட்கார்ந்தால் அது யாருக்கும் தெரியாது. கூட ஆடுகிறவர்களுக்கு அது வெறும் சின்னப் பகடை.

அதனால் கரிச்சானுக்கு என் பதில்: அரிவாளை எடுங்கள். ஆனால் நொண்டி அரிவாளாக எடுக்காதீர்கள். கணக்குப்பிள்ளை சொன்னபடி ஃபினெஸ் கேட்டு வாங்குங்கள். கஷ்டத்தை ஆட்டத்துக்குள்ளே வைத்துக்கொள்ளலாம், ஷீட்டில் வேண்டாம்.


#9 அரைநிழல்

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்புக்கு வாருங்கள், இந்தப் பிரச்சினையே இல்லை. அங்கே அரிவாள் டி4தான், ஆனால் அஜைல், ஃபினெஸ், ட்ரிப் மூன்றும் உண்டு. ரோக் அதை வைத்து ஸ்னீக் அட்டாக் செய்யலாம், காலை வாரி விடவும் செய்யலாம். அஜைல் என்பதால் இரண்டாவது அடிக்கு 5-க்குப் பதிலாக 4தான் குறையும். சின்னப் பகடைக்குப் பதில் வேறு ஏதாவது கிடைக்கிற மாதிரி பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் இன்னொன்று. யாரும் இன்னும் சொல்லாத பெரிய வில்லன் ஒருவன் இருக்கிறான்: புதையல். ஆறாவது செஷனில் டிஎம் ஆசையாக ஒரு +1 ஷார்ட்ஸ்வோர்ட், மந்திரம் ஏறிய குறுவாள், தருவார். இப்போது என்ன செய்வீர்கள்? அம்மாவின் அரிவாளைப் பையில் போட்டால் கதை முடிந்தது. வாளை வேண்டாம் என்றால் டிஎம் முகம் வாடும். பாத்ஃபைண்டரில் மந்திரம் ரூன் என்ற குறியாக ஆயுதத்தில் பொறிக்கப்படும், அதை ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் பதிக்கலாம். கிடைத்த வாளின் ரூனை அரிவாளுக்கு மாற்றிவிட்டு வாளை விற்றுவிடலாம். உங்கள் டிஎம்மிடம் இதையும் முன்கூட்டியே பேசுங்கள். மந்திரம் வந்தால் அரிவாளில் வரட்டும். கதிர் அறுக்கும் தேவதை ஆசீர்வதித்தது, இரத்தம் குடித்து விழித்தது, ஏதோ ஒன்று.


#10 கணக்குப்பிள்ளை

திரைக்குப்பின் சொன்ன சம்மட்டிக் கதை நன்றாக இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஃபைட்டர் நல்ல ஆயுதத்தோடு வந்தவர். ஏற்கெனவே நன்றாக அடிக்கிற ஆள் இரண்டைக் கழிக்கும்போதுதான் அது தியாகமாகத் தெரிகிறது. எங்களைக் கல்நெஞ்சர்கள் என்கிறார்கள், பரவாயில்லை. பில்ட் போடுவதும் (எண் கூடும்படி கேரக்டரைக் கட்டுவதும்) நடிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைப்பதற்குப் பழைய ஃபோரம்களில் ஸ்டார்ம்விண்ட் ஃபேலசி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். உயிரைப் பணயம் வைத்துப் பிழைக்கிற ஒருத்தி தன் கையில் இருப்பது வெட்டுமா வெட்டாதா என்று பார்க்க மாட்டாளா? அதுவும் கேரக்டர்தானே.

பகடையிலேயே குணம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிரேட்ஸ்வோர்ட் 2டி6, சராசரி 7. கிரேட்ஆக்ஸ் 1டி12, சராசரி 6.5. எங்கள் ஆட்கள் இந்த அரைப் புள்ளிக்காகப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் இரண்டும் உருளுவதைப் பாருங்கள். வாள் அடிக்கடி 6, 7, 8 என்று நடுவிலேயே நிற்கும், 12 விழ 36-ல் ஒரு வாய்ப்பு. கோடரிக்கு 1-ம் 12-ம் ஒரே வாய்ப்பு, 12-ல் ஒன்று. பயிற்சி எடுத்த படைவீரன் கையில் வாள், கோபம் தலைக்கேறியவன் கையில் கோடரி. இதை எந்தப் பின்கதையும் சொல்ல வேண்டாம், பகடையே சொல்லும்.

சில நேரம் பட்டியலே தப்பு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். 2014 புத்தகத்தில் திரிசூலமும் ஈட்டியும் ஒரே டேமேஜ், ஒரே தூரம். ஆனால் திரிசூலம் எடை அதிகம், விலை அதிகம், மார்ஷியல் பயிற்சியும் வேண்டும். கடல்தெய்வத்தின் பக்தன் என்று திரிசூலம் எடுத்தவன் ஒன்றும் பெறாமல் எல்லாம் கொடுத்தான். 2024-ல்தான் அதை டி8 ஆக்கினார்கள். அதுவரை ஆடிய பக்தர்களை முட்டாள் என்று யாராவது சொன்னால் நான் அவர்கள் பக்கம்.

சரி, கரிச்சானுக்காக உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். டிஎம் ஃபினெஸ் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2024-ல் அரிவாள் லைட் (எடை குறைந்த) ஆயுதம், அதன் மாஸ்டரி, அதாவது பழகியவருக்குக் கிடைக்கும் தனிச் சலுகை, நிக். அதாவது இரண்டு கையிலும் லைட் ஆயுதம் இருந்தால், இரண்டாவது அடியை, சுற்றுக்கு ஒன்றே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷன் செலவில்லாமல் அட்டாக்கோடு சேர்த்தே அடிக்கலாம். ரோக்குக்கு இது வரம். முதல் அடி தவறினால் ஸ்னீக் அட்டாக்குக்கு இரண்டாவது வாய்ப்பு. போனஸ் ஆக்‌ஷன் மிச்சம், அதை வைத்து விலகி ஓடலாம்.

அதே ஏசி 15, அதே +7. இரண்டு கையிலும் அரிவாள்.

முதல் அடி (2.5 + 4): 6.5-இல் 65 சதவீதம் = 4.2
இரண்டாவது அடி: 2.5-இல் 65 சதவீதம் = 1.6
இரண்டில் ஒன்றாவது படும் வாய்ப்பு 87.75 சதவீதம், ஸ்னீக் அட்டாக் 10.5-இல் அது = 9.2

மொத்தம் 15. ரேப்பியர் 12.35.

இரண்டு முறை சரிபார்த்தேன். அரிவாள் ஜெயிக்கிறது.


#11 அரைநிழல்

ரேப்பியர்காரன் ஸ்டெடி எய்ம் எடுத்தால்? போனஸ் ஆக்‌ஷன் கொடுத்து நகராமல் நின்றால் அட்வான்டேஜ், இரண்டு முறை உருட்டி நல்லதை எடுக்கலாம். 19-இல் 87.75 சதவீதம், 16.7 வருகிறதே.


#12 கணக்குப்பிள்ளை

வருகிறது. ஆனால் அரிவாள்காரியிடமும் போனஸ் ஆக்‌ஷன் மிச்சம் இருக்கிறது, அவளும் ஸ்டெடி எய்ம் எடுக்கலாம். அட்வான்டேஜ் முதல் அடிக்கு மட்டும். 5.7 + 1.6 + 10.05 போட்டால் 17.4. இன்னும் அவள்தான் மேலே. ரேப்பியரின் வெக்ஸ் மாஸ்டரியைச் (பட்டால் அடுத்த அடிக்கு அட்வான்டேஜ்) சேர்த்தால் இடைவெளி குறையும், அதை நான் சேர்க்கவில்லை, முன்பே சொல்லிவிடுகிறேன். ஒரு கையில் ஷார்ட்ஸ்வோர்ட், மறுகையில் அரிவாள் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும்.


#13 மருந்துமூட்டை

கணக்குப்பிள்ளை அரிவாளுக்கு வக்காலத்து வாங்கும் நாளும் வந்துவிட்டது.

கரிச்சான், 15 என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் ஸ்லாட் தப்பித்தது.


#14 கரிச்சான்

எல்லாருக்கும் நன்றி. டிஎம்மிடம் பேசினேன். ஃபினெஸ் கொடுத்துவிட்டார், யோசிக்கக்கூட இல்லை. "இதை நீ கேட்காமலே ரேப்பியர் எடுத்திருந்தால் வருத்தப்பட்டிருப்பேன்" என்றார்.

ஆனால் இப்போது வேறு பிரச்சினை. நிக் வேலை செய்ய இரண்டு ஆயுதம் வேண்டும். அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு அரிவாள். ஷார்ட்ஸ்வோர்ட் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது அரிவாளைச் சும்மா உபகரணப் பட்டியலில் இருந்து எடுத்து எழுதவும் மனசு வரவில்லை. ஒன்று அம்மாவுடையது, இன்னொன்று கடையில் வாங்கியது என்றால் முதலாவதும் கடையில் வாங்கியது மாதிரி ஆகிவிடுகிறது.


#15 சும்மாஇரு

அப்படியானால் இரண்டாவது யாருடையது?


#16 திரைக்குப்பின்

சும்மாஇரு கேட்டதை அப்படியே உங்கள் டிஎம்முக்கு அனுப்புங்கள். ஒற்றை அரிவாளோடு தொடங்குங்கள். மறு கையை ஒன்றிரண்டு செஷன் காலியாக வைத்திருங்கள்.


#17 கணக்குப்பிள்ளை

ஒற்றை அரிவாள் என்றால் சுற்றுக்கு 17-இல் 65 சதவீதம், 11. ரேப்பியரைவிட ஒன்றரைகூடக் குறையவில்லை. இரண்டு செஷன் தாங்கலாம்.


#18 முதல்லெவல்

இந்த இழையைப் படித்துவிட்டு என் விசார்டுக்கு எடுத்திருந்த டேகர் என்ற சின்னக் கத்தியைப் பார்த்தேன். அதற்குக் கதையும் இல்லை, அதை நான் ஒரு தடவைகூட வீசியதும் இல்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.


#19 பழையபெட்டி

முதல்லெவல், விசார்டின் டேகர் கயிறு அறுக்க.


#20 கரிச்சான்

மூன்று செஷன் முடிந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தவர்களுக்காக.

இரண்டாவது செஷனில் நாங்கள் ஒரு பண்ணை மாளிகைக்குள் நுழைய வேண்டியிருந்தது. வாசலில் ஆயுதத்தை எல்லாம் வாங்கிவைத்தார்கள். ஃபைட்டரின் வாள், ரேஞ்சரின் வில், கிளெரிக்கின் மேஸ்கூடப் போயிற்று. காவலாளி தாழையின் இடுப்பைப் பார்த்தான், "அறுப்புக்கு வந்தவளா, பின்வாசல் வழியாகப் போ" என்றான். மேசையில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அன்று இரவு உள்ளே ஆயுதம் இருந்த ஒரே ஆள் நான்தான். ரேப்பியர் எடுக்கச் சொன்ன நண்பர்தான் அந்த ஃபைட்டர். வெறுங்கையோடு எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

மூன்றாவது செஷனில் மேற்பார்வையாளன் வீடு. உள்ளறைச் சுவரில் பறித்து வைத்த சாமான்களை வேட்டைக்காரன் கொம்பு மாட்டுவது போல ஆணியடித்து மாட்டி வைத்திருந்தான். மண்வெட்டி, கயிற்றுச் சுருள், பூட்டு உடைக்கும் கம்பி. ஒரு அரிவாள். டிஎம் அதன் பிடியைப் பற்றி மட்டும் சொன்னார். கட்டைவிரல் பள்ளம் இடது பக்கம் விழுந்திருந்தது.

என் அரிவாளில் பள்ளம் வலது பக்கம். அம்மா இரண்டு கையிலும் பிடித்து அறுப்பாளா, அல்லது அந்த இரவு அவளோடு களஞ்சியத்துக்கு இடதுகைக்காரர் வேறு யாராவது போனார்களா என்று இன்னும் தெரியவில்லை. டிஎம் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். நான் அதை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டேன்.


#21 கணக்குப்பிள்ளை

எந்தக் கையில் எது?


#22 கரிச்சான்

வலது கையில் அம்மாவுடையது. முதல் அடி எப்போதும் அதில்தான்.


#23 கணக்குப்பிள்ளை

சரி. இரண்டாவது அடிக்கு டெக்ஸ் சேராது, கூட்டும்போது மறந்துவிடாதீர்கள்.